வெட்டுத்துணியில் அடுப்படிப் பொருட்கள்: வன்னியில் தைத்து விற்கத் தொடங்குவோருக்கு

தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணியும் வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய சேலை, சாரம், துவாயும் போதும். இவற்றை அடுக்கித் தைத்து, சட்டி இறக்கும் பிடிதுணி, பானை வைக்கும் விரிப்பு, தாச்சிக் காதுக்கு உறை என்று பலவற்றைச் செய்து விற்கலாம். பெரிய முதல் வேண்டாம், வீட்டை விட்டுப் போகவும் வேண்டாம். ஆனால் எந்தத் துணி, எத்தனை அடுக்கு, எந்த ஊசி, என்ன விலை, எந்த அலுவலகத்தில் எந்தக் கடிதம் என்று ஓரிடத்தில் சொல்லித்தர ஆளில்லை. நான் அலைந்து அறிந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் அந்த அலைச்சலைப் படவேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் இருத்துங்கள். நாம் தைப்பது அலங்காரத் துணி அல்ல. அது ஒருவருடைய கைக்கும் கொதிக்கும் எண்ணெய்க்கும் நடுவே நிற்கப்போகிறது. பூவேலை கோணலானால் யாரும் சாகமாட்டார்கள். துணி தவறினால் கை வெந்துவிடும். ஆகவே இந்தக் கட்டுரையில் தையலைவிடத் துணியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன்.

1. முதலில் எதைத் தைப்பது

எட்டு அங்குலச் சதுரப் பிடிதுணி, அதுவும் சோடியாக. இதைத் தவிர வேறெதையும் முதல் மாதத்தில் தொடாதீர்கள். சதுரத்தை வெட்டுவது இலகு, மூலைகளைத் தவிர மற்றதெல்லாம் நேர்த்தையல், பிழைத்தாலும் வீணாவது ஒரு சாண் துணிதான்.

அது கைக்கு வந்தபின் பானை விரிப்பு. பெரிய சோற்றுப் பானைக்கு 12 அங்குலச் சதுரம் வேண்டும். அதன்பின் இரட்டைப் பிடி: ஏழு அங்குல அகலமும் முப்பது அங்குல நீளமும் உள்ள ஒரு பட்டி, இரண்டு முனையிலும் கை நுழைக்கும் பை. கஞ்சி வடிக்கப் பானையைச் சரிப்பவர்களுக்கும் புட்டுப் பானையை இறக்குபவர்களுக்கும் இது மிகவும் பிடிக்கும். எங்கள் பக்கத்தில் நன்றாக விலைபோவதும் இதுதான்.

விரல் பிரித்த கையுறை பார்க்க அழகு. ஆனால் பெருவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் உள்ள வளைவில் நான்கைந்து அடுக்கைத் திருப்பித் தைப்பது புதியவருக்குக் கடினம், அந்த இடத்தில்தான் தையலும் முதலில் விடும். மேலும் கையுறை மின்னடுப்புக்கும் போறணைக்கும் ஏற்றது. விறகடுப்பில் சமைக்கும் வீடுகளில் சட்டென்று எடுத்துச் சட்டென்று போடக்கூடிய தட்டைத் துணிதான் உதவும்.

2. துணி சேர்ப்பது

உங்கள் ஊர்த் தையற்கடைதான் முதல் இடம். கிளிநொச்சி, பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மல்லாவி, வவுனியா எங்கும் சந்தைக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு தையற்கடையாவது இருக்கும். நேரே போய்க் கேளுங்கள்: “அண்ணை, பருத்தி வெட்டுத்துணியை எறியாமல் எனக்கு ஒரு பையில் போட்டு வையுங்கள்.” பெரும்பாலும் காசு வாங்கமாட்டார்கள். நீங்கள் தைத்த முதல் நல்ல சோடியை அவருடைய வீட்டுக்குக் கொடுங்கள். அடுத்த பை தானாகவே நிறையும். பாடசாலை தொடங்கும் முன்னைய மாதங்களிலும் தைப்பொங்கல், தீபாவளிக்கு முன்னும் தையற்கடைகளில் வேலை குவியும். அந்த நேரத்தில் வெட்டுத்துணியும் குவியும்.

இரண்டாவது இடம் வீடு. பருத்திக் கைத்தறிச் சேலை, பருத்திச் சாரம், கட்டில் விரிப்பு, இழுபடாத பழைய டெனிம் காற்சட்டை, முக்கியமாகப் பருத்தித் துவாய். நைந்து மெலிந்த துவாய் உதவாது. அதன் இழைச்சுருளுக்குள் நிற்கும் காற்றுத்தான் சூட்டைத் தடுக்கிறது. சுருள் தேய்ந்துபோனால் அது வெறும் துணி.

மூன்றாவது, ஆடைத் தொழிற்சாலைக் கழிவு. சாக்குக் கணக்கில் மலிவாக விலைபேசுவார்கள். புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். அந்தச் சாக்குகளில் வருவது பெரும்பாலும் இழுபடும் பின்னல் துணி. பொலியெஸ்டர், நைலோன், இலாஸ்டிக் இழை கலந்தது. நிறம் கண்ணைப் பறிக்கும். மிதியடிக்கும் தலையணை உறைக்கும் அது உதவலாம், அடுப்படிக்கு உதவாது. சாக்கை அவிழ்த்துக் கையை அடிவரை விட்டு ஐந்தாறு துண்டுகளை எடுத்துப் பார்த்தபின்தான் காசைக் கொடுங்கள். அவிழ்க்க விடாத இடத்தில் வாங்காதீர்கள்.

நிரப்புவதற்கு எதை எடுக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தலையணைக்குள் இருக்கும் வெள்ளைச் செயற்கைப் பஞ்சு பொலியெஸ்டர். மென்மையான பிளீஸ் போர்வையும் பொலியெஸ்டர்தான். மெத்தை ஸ்பொஞ் எரிந்தால் நச்சுப் புகை வரும். இலவம் பஞ்சு இயற்கையானதுதான். ஆனால் பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும், தைத்தபின் ஒரு மூலைக்கு ஒதுங்கியும் விடும். பிஸ்கட் பொதியின் வெள்ளித் தாளை நடுவில் வைத்தால் சூடு ஏறாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உலோகம் பூசிய பிளாஸ்டிக், உருகும். சேலைக் கரையில் சரிகை இருந்தால் வெட்டி நீக்கிவிடுங்கள். மைக்ரோவேவ் வைத்திருக்கும் வீட்டில் அது உள்ளே போனால் பொறி பறக்கும்.

3. எரித்துப் பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போக யாருக்கும் அனுமதி இல்லை. துணியைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவர்களும் எரித்துத்தான் பார்க்கவேண்டும்.

முற்றத்தில், காற்றில்லாத நேரத்தில், பழைய தட்டொன்றில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஒரு விரல் அகலத்தில் துணியை நறுக்கி, சாவணத்தால் ஒரு நுனியைப் பிடித்து, மற்ற நுனியை மெழுகுதிரியில் காட்டுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது.

பருத்தி உடனே பற்றும். மஞ்சள் சுவாலையோடு சீராக எரியும், கடதாசி எரிந்த மணம் வரும். சுவாலையை அணைத்தபின்னும் விளிம்பில் சிவந்த தணல் ஊர்ந்துகொண்டிருக்கும். மிஞ்சுவது சாம்பல் நிறத் தூள். இரு விரலால் தொட்டாலே உதிர்ந்துவிடும்.

பொலியெஸ்டர் நெருப்பைக் கண்டதும் பின்வாங்கிச் சுருளும். பிறகு உருகிக் கறுத்த புகையோடு சொட்டும். தட்டில் இருக்கும் தண்ணீரில் விழுந்த சொட்டை ஆறவிட்டு எடுத்துப் பாருங்கள்: கறுப்பாக, மணிபோல உருண்டு, நகத்தால் நசுக்க முடியாத கல்லாக இருக்கும். அதே சொட்டு தண்ணீருக்குப் பதிலாக உள்ளங்கையில் விழுந்திருந்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு எரியும். பொலியெஸ்டர் ஏறக்குறைய 255 பாகை செல்சியசில் உருகுகிறது. வெறுந்தாச்சியைப் பெருநெருப்பில் சற்று நேரம் மறந்துவிட்டால் அது அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். பருத்தி உருகுவதில்லை, பழுப்பேறிக் கருகும், மணம் காட்டிக்கொடுக்கும், சட்டியை வைத்துவிட நேரம் கிடைக்கும்.

கலப்புத் துணி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கடதாசி மணத்தோடுதான் எரியும். ஆனால் சாம்பலைத் தேய்த்தால் உள்ளே சின்னச் சின்னக் கடினத் துணிக்கைகள் தட்டுப்படும். தட்டுப்பட்டால் ஒதுக்கிவிடுங்கள். வெள்ளைப் பாடசாலைச் சீருடைத் துணி பலரையும் ஏமாற்றுவது இதில்தான். தொடுவதற்குப் பருத்திபோல இருக்கும். பலவற்றில் பொலியெஸ்டர் கலந்திருக்கும். சாரங்களிலும் அப்படியே.

றேயன் பருத்தியைப் போலவே எரிவதால் நெருப்பால் அதைப் பிரித்தறிய முடியாது. அதற்கு வேறு சோதனை: துண்டை நனைத்து இரு கையாலும் இழுங்கள். பருத்தி நனைந்தால் பலம் கூடும், றேயன் நனைந்தால் பலம் குறையும். சட்டென்று விட்டுப்போனால் அது மேல்துணிக்கு ஆகாது, நாலு தோய்ச்சலில் தேய்ந்துவிடும்.

சோதித்த துணியைச் சோதிக்காததோடு கலக்காமல் வேறு பையில் போட்டு, பையின் மேல் ‘பருத்தி’ என்று எழுதிவிடுங்கள். வீட்டில் உதவிக்குத் தைப்பவர்களுக்கும் அது ஒன்றே போதும்.

4. தோய்த்துக் காயவைப்பது

புதிய வெட்டுத்துணியையும் தோய்த்தபின்தான் வெட்டவேண்டும். பருத்தி முதல் தோய்ச்சலில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். மேல்துணி சுருங்கி உள்ளிருக்கும் துவாய் சுருங்காவிட்டால், வாங்கியவர் முதல்தடவை தோய்த்ததும் பிடிதுணி முறுக்கிக்கொண்டு நிற்கும்.

சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் தனித்தனியே வெந்நீரில் ஊறவையுங்கள். தண்ணீர் நிறமில்லாமல் தெளியும்வரை அலசுங்கள். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள், நிற்காது. மூன்று அலசலுக்குப் பின்னும் சாயம் இறங்கும் துணியை வெள்ளையோடு சேர்த்துத் தைக்கவே வேண்டாம்.

காலத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வன்னியில் மழை பிடித்தால் துவாய் காய்வதற்கு நாட்கணக்காகும், பூஞ்சை மணமும் ஏறிவிடும். ஆடி, ஆவணி வெயிலில் ஆறு மாதத்துக்கான துணியைத் தோய்த்து, மினுக்கி, மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டால் மழைக்காலம் முழுவதும் உள்ளே இருந்து தைக்கலாம். வீதியோரக் கொடியில் காயப்போடாதீர்கள். செம்மண் தூசி இழைக்குள் ஏறினால் கத்தரிக்கோலும் ஊசியும் விரைவில் மழுங்கும்.

5. கருவிகள்

பழைய கால்மிதி மெசின் வீட்டில் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். தடித்த அடுக்கை அது சலிக்காமல் துளைக்கும், மின்வெட்டும் அதைத் தடுக்காது. சந்தையில் பொம்மைபோல விற்கும் சிறிய கையடக்க மின் மெசின்கள் துவாயைக் கண்டதும் நின்றுவிடும். அவற்றில் காசைப் போடாதீர்கள்.

மெசின் இல்லையென்றால் கடன்பட்டு வாங்க ஓடவும் வேண்டாம். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடன் எங்கள் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்பதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பிடிதுணி விற்ற காசு கிழமைக்குக் கிழமை வராது, கடன்காரர் வருவார். அயலில் மெசின் வைத்திருப்பவரிடம் மணிக்கணக்கில் வாடகை பேசுங்கள், அல்லது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொது மெசின் இருக்கிறதா என்று கேளுங்கள். கையாலும் தைக்கலாம். நேரம் கூடும், தரம் குறையாது.

ஊசி: இரண்டு துவாய் அடுக்குக்கு 16 ஆம் இலக்கம். மேல்துணியில் துண்டுகளைப் பொருத்த மட்டும் 14 ஆம் இலக்கம். 11 ஆம் இலக்கத்தில் தடித்த துணியைத் தைத்தால் ஊசி வளைந்து முறியும், முறிந்த நுனி கண்ணுக்குத் தெறிக்கும். மழுங்கிய ஊசி துணிக்குள் இறங்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும் மாற்றுங்கள்.

நூல்: பருத்தி நூல் என்று கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் எடுத்துத் தருவது பொலியெஸ்டர் நூலாகத்தான் இருக்கும். எரித்துப் பார்க்கும் சோதனை நூலுக்கும் உண்டு. நாட்பட்ட பருத்தி நூல் உக்கியிருக்கும். ஒரு முழத்தை இழுத்துப் பார்த்தபின் வாங்குங்கள். ஒரு பிடிதுணிக்கு ஏறத்தாழ 10 மீற்றர் நூல் போகும். 500 யார் கட்டை என்றால் 457 மீற்றர். வீணாவது போக நாற்பது துணி வரும்.

கோடு போட சோக்கு வாங்க வேண்டாம். தேய்ந்து மெலிந்த சவர்க்காரத் துண்டின் விளிம்பு நல்ல கோடு போடும், தோய்த்தால் போய்விடும். கத்தரிக்கோலுக்கு மட்டும் காசு பாராதீர்கள். வாங்கியபின் அதில் கடதாசி வெட்ட யாரையும் விடாதீர்கள்.

6. வெட்டும் அளவு

ஒரு பிடிதுணிக்குத் தேவையானவை: எட்டரை அங்குலச் சதுரத் துவாய்த் துண்டு இரண்டு, பதினொரு அங்குலச் சதுர அடித்துணி ஒன்று, மேலே பொருத்த ஒன்றரை முதல் இரண்டரை அங்குல அகலமுள்ள பட்டிகள். பட்டிகளின் நீளம் ஒன்பது அங்குலத்துக்குக் குறையக்கூடாது. அகலம் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் நல்லது. 28 அங்குல அகலமும் 55 அங்குல நீளமும் உள்ள ஒரு துவாயில் பதினெட்டுச் சதுரம் வெட்டலாம், அதாவது ஒன்பது பிடிதுணி.

அட்டைப் பெட்டியில் எட்டரை அங்குலத்தில் ஒன்று, பதினொன்றில் ஒன்று என்று அச்சு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் நாடா பிடித்து அளந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் வரும்; சோடி சோடியாக இராது.

விறகடுப்பு வீட்டுக்கு விற்பதென்றால் கரி தெரியாத கடும் நிறங்களைத் தெரிந்தெடுங்கள். அன்பளிப்பாக வாங்குபவர்கள் வெளிர் நிறத்தையும் பூத்துணியையும் கேட்பார்கள்.

7. பொருத்தி அடுக்கித் தைப்பது

துண்டுகளைத் தனியே பொருத்தி, மினுக்கி, பிறகு அடுக்கித் தைப்பது ஒரு முறை. வெட்டுத்துணிக்கு அதைவிட நல்ல முறை, பட்டியைத் துவாயின் மேலேயே வைத்துத் தைப்பது. பொருத்துவதும் அடுக்குத் தையலும் ஒரே வேலையில் முடிந்துவிடும்.

ஒரு துவாய்ச் சதுரத்தை மேசையில் வையுங்கள். முதல் பட்டியை அதன் இடது ஓரத்தில், நல்ல பக்கம் மேலே தெரிய வையுங்கள். இரண்டாவது பட்டியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி முதல் பட்டியின் மேல் கவிழ்த்து, இரண்டினதும் வலது விளிம்பை ஒன்றாக்குங்கள். அந்த விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே, துவாயையும் சேர்த்து மேலிருந்து கீழ்வரை தையுங்கள். பிறகு இரண்டாவது பட்டியை வலப்பக்கம் விரித்து, நகத்தால் மடிப்பை அழுத்தி, ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்குங்கள். மூன்றாவது பட்டியை இரண்டாவதின் மேல் கவிழ்த்து அப்படியே. துவாய் முழுவதும் மூடப்படும்வரை தொடருங்கள். ஒவ்வொரு பட்டிக்கும் மினுக்காமல் போனால் துணி மடிப்புக்குள் மறைந்து நிற்கும், முடிவில் மேற்பரப்பு பொம்மிக்கொள்ளும்.

இனி அடுக்கு. அடித்துணியை நல்ல பக்கம் கீழே பார்க்க விரியுங்கள். அதன் நடுவில் இரண்டாவது துவாய், அதன்மேல் பட்டி தைத்த துவாய். நான்கு பக்கமும் அடித்துணி சமமாக வெளியே தெரியவேண்டும். இப்போது பெரிய கைத்தையலால் நடுவிலிருந்து நான்கு மூலைக்கும் நூலோட்டுங்கள். குண்டூசி குத்தினால் போதாதா என்று கேட்பீர்கள். துவாய் வழுக்கும், மெசினின் பாதம் மேல் அடுக்கைத் தள்ளிக்கொண்டே போகும். நூலோட்டிய துணி அசையாது. பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு உங்கள் மெசினில் இருந்தால் சற்றுத் தளர்த்துங்கள்.

பட்டிகளுக்குக் குறுக்கே, ஒன்றரை அங்குல இடைவெளியில் சவர்க்காரத்தால் கோடு போட்டு, நடுக்கோட்டில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்துக்குப் போனால் துணி ஒரு பக்கம் இழுத்துச் சதுரம் சாய்சதுரமாகிவிடும். தையலின் நீளம் 3 மில்லிமீற்றர் இருக்கட்டும். அதைவிடச் சிறிதாக்கினால் ஊசித்துளைகள் நெருங்கித் துணி கிழியும். தையலைப் பாருங்கள்: கீழ்நூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் இறுக்கம் அதிகம், சற்றுத் தளர்த்துங்கள்.

துவாய் நிறையப் பஞ்சு உதிர்க்கும். பத்துத் துணிக்கு ஒருமுறை பொபின் பெட்டியைக் கழற்றி, தூரிகையால் துடைத்து, ஒரு சொட்டு மெசின் எண்ணெய் விடுங்கள். நூல் சிக்குகிறது, அறுகிறது என்ற முறைப்பாடுகளில் பாதிக்கு இதுதான் மருந்து.

8. ஓரமும் காதும்

அடித்துணியைக் கீழே மடித்துப் பிடித்துக்கொண்டு, மேல் மூன்று அடுக்கையும் சரியாக எட்டு அங்குலத்துக்கு வெட்டுங்கள். பிறகு அடித்துணியை நான்கு பக்கமும் ஓர் அங்குலம் வெளியே விட்டு வெட்டுங்கள். அந்த ஓர் அங்குலத்தை அரை அங்குலம் மடித்து, மறுபடியும் அரை அங்குலம் மடித்து மேலே கொண்டுவந்தால் ஓரம் தயார். கடையில் பைப்பிங் வாங்கும் செலவில்லை. அங்கே விற்பது பெரும்பாலும் பொலியெஸ்டர் என்பதால் வாங்காதிருப்பதே நல்லது.

மூலையில் முதலில் அடித்துணியின் நுனியைக் கோணமாக உள்ளே மடித்துவிட்டு இரண்டு பக்கத்தையும் மடியுங்கள். அங்கே அடுக்குகள் குவிவதால் மிதியை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

தொங்கவிடும் காதுக்கு ஒன்றரை அங்குல அகலமும் நாலு அங்குல நீளமும் உள்ள பட்டி. அதை நான்காக மடித்துத் தைத்து, மூலை மடிப்புக்குள் நுழைத்துப் பூட்டுங்கள். காது இரண்டு அங்குலத்துக்கு மேல் தொங்கக்கூடாது. நாடா, குஞ்சம், றேந்தை எதுவும் வேண்டாம். விறகடுப்பில் சுவாலை எப்போதும் சட்டிக்கு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். தொங்குவதைத்தான் அது முதலில் பிடிக்கும்.

9. விற்குமுன் சோதனை

ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றை எடுத்து, சூடான தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பதினைந்து வரை எண்ணுங்கள். தரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள், கீழே யாரும் இருக்கக்கூடாது. பதினைந்துக்கு முன் கை சுட்டால் இன்னோர் அடுக்கு வேண்டும். நடுவில் டெனிம் துண்டொன்றை வைத்துத் தையுங்கள். பிறகு மூன்று தடவை தோய்த்துக் காயவைத்து, ஓரம் விடுகிறதா, சாயம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

சந்தையில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “பிள்ளை, இதை நனைத்துப் பிடித்தால் இன்னும் குளிர்ச்சியாக இருக்குமா?” பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அது ஆபத்து. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். நனைந்த பிடிதுணிக்குள் தண்ணீர் ஆவியாகி உள்ளங்கையை அவித்துவிடும். வாங்குபவரிடம் இதை வாயாலும் சொல்லுங்கள், சீட்டிலும் எழுதுங்கள். ஒவ்வொரு சோடியிலும் ஒரு சிறு அட்டை: ‘முழுப் பருத்தி. ஈரமாகப் பிடிக்க வேண்டாம். அடுப்புக்கு மேல் தொங்கவிட வேண்டாம். கருகினால் மாற்றுங்கள்.’ வவுனியாவிலோ அதற்குத் தெற்கேயோ விற்பதென்றால் சிங்களத்திலும் எழுதுவியுங்கள்.

10. விலை

துணி சும்மா கிடைத்தது என்பதால் சும்மா விலைக்கு விற்காதீர்கள். உங்கள் நேரம் சும்மா கிடைத்ததல்ல.

கணக்கு இப்படி. உங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கான நாட்கூலியை எட்டால் வகுத்தால் ஒரு மணிநேரக் கூலி. உதாரணத்துக்கு நாட்கூலி 2000 ரூபாய் என்று வைத்தால் மணிக்கு 250. பழகிய கைக்கு ஒரு சோடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போகும், கூலி 375. அதோடு நூல், ஊசித் தேய்வு, துவாய் வாங்கினால் அதன் பங்கு, சவர்க்காரம், மினுக்கும் மின்சாரம், பஸ் காசு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டுங்கள். பழுதாகும் துணிக்காகப் பத்தில் ஒரு பங்கைச் சேருங்கள். வருவது அடக்க விலை. விற்கும் விலை அல்ல. அதற்குமேல் உங்கள் இலாபம், கடையில் வைத்தால் கடைக்காரரின் பங்கு.

தொடங்கிய காலத்தில் ஒரு சோடிக்கு மூன்று மணி நேரம் எடுக்கும். அந்த நேரத்தை வாங்குபவரின் தலையில் ஏற்ற முடியாது. பழகிய கையின் நேரத்தை வைத்தே விலை போடுங்கள். ஒரே நாளில் முழுச் சோடியை முடிக்க நினைக்காமல், ஒரு நாள் வெட்டு, ஒரு நாள் பட்டி, ஒரு நாள் ஓரம் என்று இருபது இருபதாகச் செய்தால் கை வேகம் தானாக வரும்.

‘விற்றால் காசு’ என்று கடையில் வைக்கும்போது எத்தனை சோடி, என்ன விலை, எந்தத் திகதி என்று எழுதிக் கடைக்காரரின் கையெழுத்தை வாங்குங்கள். தெரிந்தவர்தானே என்று விட்டால் கணக்கும் போகும், பழக்கமும் போகும். மாதத்துக்கு ஒருமுறை போய் எண்ணுங்கள். எலி கடித்ததும் வெயிலில் வெளிறியதும் உங்கள் நட்டமாகத்தான் வந்து சேரும்.

11. ஆவணங்கள்

அயலவருக்கும் உறவினருக்கும் விற்க எந்தப் பத்திரமும் தேவையில்லை. ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் மட்டும் வாங்கி வையுங்கள்.

கடைகளுக்குக் கொடுக்கவும், கண்காட்சிகளில் இடம் பெறவும், தொழில் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். உங்கள் சொந்தப் பெயரல்லாத ஒரு பெயரை வைத்தால் பதிவு கட்டாயம். பதிவது உங்கள் பிரதேச செயலகத்தில். தனி உரிமையா, கூட்டுரிமையா என்று முதலில் கேட்பார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தைத்தாலும் காசும் பொறுப்பும் ஒருவருடையதென்றால் தனி உரிமையாகப் பதியுங்கள். பிறகு பிரிவதென்றால் சிக்கல் குறைவு.

கொண்டுபோக வேண்டியவை: நிரப்பிய விண்ணப்பப் படிவம், தேசிய அடையாள அட்டையும் பிரதியும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், தொழில் நடக்கும் இடத்துக்கான ஆவணம். எங்கள் பகுதியில் பெரும் தடங்கல் இந்தக் கடைசி ஆவணம்தான். வன்னியில் பல வீடுகள் உறுதிக் காணியில் இல்லை, அரசின் அனுமதிப்பத்திரக் காணியில் இருக்கின்றன. பத்திரம் தகப்பன், மாமா அல்லது கணவன் பெயரில் இருக்கும். அப்படியென்றால் பத்திரத்தின் பிரதியோடு, இந்த இடத்தில் தொழில் செய்யச் சம்மதம் என்று அவர் கையெழுத்திட்ட கடிதத்தையும் எடுத்துப் போங்கள். பத்திரத்தில் உள்ளவர் இறந்திருந்தால் அல்லது காணாமற் போயிருந்தால், படிவம் எடுக்குமுன்பே கிராம அலுவலரைச் சந்தித்து நிலைமையைச் சொல்லி, அவர் எந்தக் கடிதம் தரலாம் என்று கேளுங்கள். செயலகத்துக்குப் போய் வரிசையில் நின்றபின் அதைத் தேடத் தொடங்கினால் ஒரு நாள் கூலி போய்விடும்.

கிராம அலுவலர் சான்றிதழுக்குப் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். குறிப்பிட்ட காலம்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். ஆகவே மற்றவை எல்லாம் தயாரானபின் எடுங்கள். கிராம அலுவலர் களவேலைக்குப் போகும் நாட்கள் உண்டு. அலுவலக வாசலில் எழுதியிருக்கும் நாளையும் நேரத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

பெயரின் எழுத்துக்கள் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும். அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் பிறப்புச் சான்றிதழில் வேறுவிதமாகவும் ஆங்கில எழுத்து இருப்பவர்கள் நம்மில் ஏராளம். படிவம் முழுவதையும் அடையாள அட்டையில் உள்ளபடியே நிரப்புங்கள். ஒவ்வோர் ஆவணத்திலும் மூன்று பிரதி எடுத்து வையுங்கள். கட்டணத்தை முகப்பில் கேட்டுச் செலுத்தி, பற்றுச்சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.

அதே நாளில் செயலகத்திலிருக்கும் சிறுதொழில் முயற்சி உத்தியோகத்தரையும் தொழில்நுட்ப உதவி தரும் விதாதா வள நிலையத்தையும் பார்த்து உங்கள் பெயரைப் பதிந்துவிடுங்கள். பயிற்சி, கண்காட்சி, விற்பனைக்கூடம் என்று எது வந்தாலும் அந்தப் பட்டியலில் உள்ளவர்களைத்தான் முதலில் அழைப்பார்கள்.

12. எப்போது, எங்கே விற்பது

காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கையில் இருக்கும் மாசி, பங்குனி நல்ல காலம். தைப்பொங்கலுக்கு மார்கழி நடுவிலேயே பொருள் கடையில் இருக்கவேண்டும். பானை வாங்கப் போகிறவர் பிடிதுணியையும் சேர்த்து வாங்குவார். வற்றாப்பளை அம்மன் வைகாசிப் பொங்கலுக்கும் ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கும் வன்னிக்கு வெளியிலிருந்தும் சனம் வரும். மழை மாதங்களில் விற்பனையை எதிர்பாராமல் தைத்துச் சேருங்கள்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் ஏ9 வீதியால் போகும் பஸ்களெல்லாம் நின்று போகும். அங்கே கச்சான் விற்பவரிடம் பேசி ஒரு கம்பியில் பத்துச் சோடியைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். தனியாகக் கடை போடுவதென்றால் பிரதேச சபையிடம் அனுமதி கேளுங்கள். கொழும்புக்கு அனுப்புவதென்றால் தபாற் பொதியில் அனுப்பலாம், பாரம் குறைவு. மழை நனைக்காமல் உள்ளே பொலித்தீன் சுற்றுங்கள். துணி நன்றாகக் காய்ந்தபின் சுற்றுங்கள், இல்லாவிட்டால் போய்ச் சேரும்போது பூஞ்சை பிடித்திருக்கும்.

கண்காட்சிக்குப் போகும்போது தைத்ததையெல்லாம் மேசையில் குவிக்காதீர்கள். ஒரு சோடியைப் பிரித்து, ஓரத்தைத் திறந்து, உள்ளிருக்கும் இரண்டு துவாய் அடுக்கும் தெரிய வையுங்கள். பக்கத்தில் எரித்துச் சோதித்த துண்டுகளை ஓர் அட்டையில் ஒட்டி வையுங்கள்: ஒரு பக்கம் பருத்திச் சாம்பல், மறு பக்கம் பொலியெஸ்டர் உருகிய கறுப்பு மணி. ‘அந்தக் கடையில் பாதி விலைக்குத் தருகிறார்கள், அக்கா’ என்று சொல்பவரிடம் அந்த அட்டையைக் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில்லறைக் காசும், ஓடர் எழுத ஒரு கொப்பியும் கட்டாயம் எடுத்துப் போங்கள். எழுதும் ஒவ்வோர் ஓடருக்கும் நீங்கள் நினைக்கும் நாளைவிட ஒரு கிழமை கூட்டியே திகதி கொடுங்கள்.